மூக்குக்கு விரதம் இல்லை

சுற்றுலாக் குழுவைக் கூட்டிப்போகும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்க்க வரும்போது விசாவைப் பற்றியோ, விமானம் தவறிப்போனால் என்ன செய்வது என்பதைப் பற்றியோ கேட்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். காபி ஆறுவதற்குள் எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறீர்கள். "மேடம், நீங்க ஒயின் குடிப்பீங்களா?" கேட்கும்போது குரல் வேறு தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

பதிலை எழுதியே கொடுத்துவிடுகிறேன். ருசி பார்க்கக் கொடுத்தால் வாயில் வைப்பேன். சுழற்றுவேன். துப்பிவிடுவேன். முப்பது பேருக்குப் பொறுப்பான ஆள் விழுங்கக் கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண் ஊர் ஊராகப் போய் இந்த வேலை பார்க்கிறாள் என்று தெரிந்ததும் என் மாமியார் கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே, "துப்புறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போறே, நம்ம வாசல்லயே துப்பலாமே" என்றார். அதோடு சமாதானமாகிவிட்டோம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. குடிக்காதவர்களை ஒயின் ருசி பார்க்கும் இடங்களில் என்ன செய்வது? திருச்சியிலிருந்து நாம் கூட்டிப்போகும் குழுவில் பாதிப் பேர் தொடவே மாட்டார்கள். மீதியில் பாதி, மனைவி பார்க்காதபோது தொடுவார்கள். அதனால் நம் அலுவலகத்தில் நெடுநாள் வழக்கம் ஒன்று இருந்தது. குடிப்பவர்கள் கீழே நிலவறைக்கு, குடிக்காதவர்கள் மேலே கடைக்கு. கடையில் ஒரு டம்ளர் திராட்சைச் சாறு, ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மை, டாய்லெட். நானும் அப்படித்தான் ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன், ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் ஜார்ஜியாவுக்குப் போகும்வரை.

அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா இல்லை. கருங்கடலுக்குப் பக்கத்தில், காகசஸ் மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன நாடு. ஒயின் எங்கள் மண்ணில்தான் பிறந்தது என்று அங்கே டாக்ஸி ஓட்டுபவர்கூடச் சொல்வார். சைவச் சாப்பாடும் தாராளமாகக் கிடைக்கும். நம் ஆட்களுக்கு அதைவிடத் தோதான ஐரோப்பா கிடையாது.

அந்தக் குழுவில் ஸ்ரீரங்கத்திலிருந்து வரதன் மாமாவும் கோமளா மாமியும் வந்திருந்தார்கள். மாமா கல்யாண சமையல் கான்ட்ராக்டர். திருச்சி வட்டாரத்தில் அவருடைய சாத்தமுதைப் பற்றி, அதாவது ரசத்தைப் பற்றி, பேசாத பந்தி இல்லை. இன்னொரு விஷயத்துக்கும் அவர் பெயர் போனவர். சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டார். பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர். கோயில் மடப்பள்ளியில் மூக்கைக்கூடத் துணியால் கட்டிக்கொள்வார்கள். கல்யாண மண்டபத்தில் மாமா அவ்வளவு கடுமை வைத்துக்கொள்ளவில்லை. நாக்கு கூடாது, மூக்கு பரவாயில்லை. ஆவியை முகர்ந்தே உப்பும் புளியும் சொல்லிவிடுவார் என்பது ஊரறிந்த சங்கதி.

லால்குடியிலிருந்து தனபாலும் அவர் மனைவி மல்லிகாவும் வந்திருந்தார்கள். நெல் விவசாயம், சொந்தமாக அரிசி ஆலை. அவர்களுடைய ஒரே மகளுக்கு வரும் தையில் கல்யாணம், சமையல் வரதன் மாமாதான் என்று நிச்சயமாகியிருந்தது. ஒரே பஸ்ஸில் மாமாவைப் பார்த்ததும் தனபாலுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம சாமி நம்மகூடவே வராருங்க மேடம்" என்று விமான நிலையத்திலேயே ஊரைக் கூட்டிவிட்டார்.

தலைநகர் திபிலிசியில் முதல் நாள் சாப்பாடு ஆற்றோரமாக இருந்த ஓர் உணவகத்தில். கத்திரிக்காயை நீளவாக்கில் சீவி, வதக்கி, அக்ரூட் விழுதை வைத்துச் சுருட்டி, மேலே மாதுளை முத்துகளைத் தூவிக் கொண்டுவருவார்கள். மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்கப் பயறு. படகு மாதிரி ஒரு ரொட்டி, நடுவில் உருகிய சீஸ். பூண்டு போடாமல் தனியாகச் செய்யச் சொல்லியிருந்தேன். முதல் விள்ளல் வாயில் போனதும் பேச்சு நின்றது. முப்பது திருச்சிக்காரர்கள் பேசாமல் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், எனக்கே அது அதிசயமாக இருந்தது.

மல்லிகா மட்டும் ஒவ்வொரு தட்டையும் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனார். "சாமி, இதுல என்ன போட்டிருக்காங்கன்னு சொல்லுங்க. கல்யாணத்துல ஒரு ஐட்டமா வச்சுடலாம்."

மாமா குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "வெந்தயம் மாதிரி. ஆனா நம்ம வெந்தயம் இல்லை. கொத்தமல்லி விதையும் இருக்கு" என்றார். பரிமாறியவரைக் கூப்பிட்டு நான் கேட்டேன். அவர்கள் நாட்டு வெந்தயம், வேறு ஜாதியாம். மேசை முழுக்கக் கைதட்டல். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. மாமா வாயைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்தில் மாமியின் உதடு அசைந்திருந்தது.

நம் தொழிலில் காதைவிடக் கண் முக்கியம். அதற்கப்புறம் ஒவ்வொரு சாப்பாட்டிலும் கவனித்தேன். மாமி எப்போதும் மாமாவின் வலது பக்கத்தில்தான் உட்கார்ந்தார். வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், சிரித்துக்கொண்டே எழுப்பிவிட்டார்.

திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் கிழக்குப் பக்கத்துக்குப் போன அன்று, ஹோட்டலில் காலைச் சிற்றுண்டி. மாமி தயிர் எடுக்கப் போயிருந்தார். மாமா ஜக்கிலிருந்து காபியில் பாலை ஊற்றிக்கொண்டு நிதானமாகக் குடித்தார். அடுத்து அந்த ஜக்கை எடுத்தது நான். பால் திரியவில்லை, ஆனால் கெட்ட வாடை வீசியது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மாமாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

மாமா சொல்லியிருக்க வேண்டும், பஸ்ஸுக்குப் போகும் வழியில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரிஞ்சுடுத்து. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜுரம் வந்தது. அதோட வாசனை போனதுதான். மல்லிப்பூ இல்லை, பெருங்காயம் இல்லை, கற்பூரம்கூட இல்லை. திரும்பி வரலாம்ங்கறார் டாக்டர், வராமலும் போகலாம்ங்கறார். மண்டபத்துக்கு நானும் கூடப் போறேன். அடுப்பங்கரை வாசல்ல உக்காந்துண்டு போறும், போறாதுன்னு ஜாடை காட்டறேன்."

"அப்ப ருசி பார்க்கலாமே மாமி?"

"அது அவரால முடியாதும்மா. சொல்லிப் பாத்தாச்சு. சின்னக் கல்யாணமெல்லாம் எப்படியோ தள்ளிட்டோம். லால்குடி கல்யாணம் பெரிசு. எல்லா அடுப்புக்கும் நான் எப்படி ஓடுவேன்? வேண்டாம்னு சொல்லவும் அவருக்கு மனசு வரலை. சமையல் போனா அவர் யாரு? தயவுபண்ணி அவாகிட்ட சொல்லிடாதீங்கோ."

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். இரண்டு குடும்பமும் நம் விருந்தினர்கள். ஒரு வீட்டுக்குப் பிழைப்பும் மானமும், இன்னொரு வீட்டுக்கு ஒரே மகளின் கல்யாணம். சொன்னாலும் துரோகம், சொல்லாவிட்டாலும் துரோகம் மாதிரி இருந்தது. நான் மாமியிடம் ஒன்றுதான் சொன்னேன். "நானா எதுவும் சொல்ல மாட்டேன் மாமி. ஆனா அவங்க என்கிட்ட நேராக் கேட்டா, பொய் சொல்லவும் மாட்டேன்." மாமி தலையாட்டினார். முகம் தெளியவில்லை.

மதியத்துக்கு முன் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதை நடத்துபவர் நீனோ என்ற பெண்மணி, கிட்டத்தட்ட என் வயது. வழக்கம்போல நான் ஆட்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். நீனோவுக்குப் புரியவில்லை. "இவர்கள் ஏன் கடைக்குப் போகிறார்கள்?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார், அந்த உச்சரிப்பு என்னைத் தவிர யாருக்கும் பிடிபடவில்லை. குடிக்க மாட்டார்கள் என்றேன். "மூச்சு விடுவார்கள் இல்லையா?" என்றார்.

நான் தமிழில் சொன்னதும் மாமிதான் முதலில் சிரித்தார். "வாஸ்தவம்தானே. மூக்குக்கு ஏது விரதம்?" என்று படியிறங்கினார். மாமா பின்னால் வந்தார். பிரிக்கிற வேலையை அன்றோடு விட்டேன்.

கீழே பீப்பாய்கள் எதுவும் இல்லை. வெறும் மண் தரை, அதில் அங்கங்கே வட்ட வட்டமாகக் கல் மூடிகள். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண் தாழி, கழுத்துவரை பூமிக்குள் புதைத்தது. திராட்சையைத் தோலும் விதையுமாக இலையுதிர் காலத்தில் உள்ளே போட்டு, நொதித்து அடங்கியதும் களிமண்ணால் அடைத்துவிட்டால் வசந்தத்தில்தான் திறப்பார்கள். உள்ளே ஆள் இறங்கித்தான் கழுவ வேண்டுமாம். மல்லிகா, "முதுமக்கள் தாழி மாதிரில்ல இருக்கு" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நின்றிருந்த தரைக்குக் கீழே ஓர் ஆண்டின் வெயிலும் மழையும் அடைபட்டுக் கிடக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கால் கூசியது. செருப்பைக் கழற்றியவர்கள்கூட இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

அந்த வருடம் அதுவரை திறக்காத ஒரு தாழியை எங்களுக்காகத் திறப்பதாக நீனோ சொன்னார். அதைக் கேட்டதும் தனபாலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மேடம், இவங்ககிட்ட நம்ம சாமியைப் பத்திச் சொல்லுங்க. நாக்குல வைக்காமலே ருசி சொல்றவருன்னு சொல்லுங்க." ஊரில் மாமாவுக்கு அப்படிப் பெயர் என்று சொன்னால் அது பொய் ஆகாது. சொன்னேன்.

நீனோ மாமாவை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, மூடியைச் சுற்றி அப்பியிருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "எங்கள் வீட்டில் திறந்ததும் யாரும் உடனே குடிக்க மாட்டோம். முதல் மூச்சு ஒருவருக்கு. அவர் நன்றாயிருக்கிறது என்றால்தான் கரண்டி உள்ளே போகும். அப்பா இருந்தவரை அவர். இன்று இவர் சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க வேண்டியவள் நான். மாற்றிச் சொல்ல எனக்கு எத்தனையோ வழி இருந்தது. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். விருந்தினர் செய்யக் கூடாது, வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டுமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மாமியின் கண் கெஞ்சியது. ஆனால் மொழி தெரிந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக இன்னொருவருடைய வாழ்க்கையில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்று நான் எப்படி முடிவு செய்வது? சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். கடைசியில், "இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிடலாம் மாமா. அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்று மட்டும் சேர்த்தேன்.

மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு மண்ணில் மண்டியிட்டார். நீனோ கல் மூடியைத் தூக்கினார்.

அந்த வாசனையைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வார்த்தை போதவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ நாட்டில் எத்தனையோ கோப்பை முகர்ந்தவள். தள்ளி நின்ற எனக்கே உடம்பு சிலிர்த்தது. பின்னால் யாரோ "பெருமாளே" என்றார்கள்.

மாமா தாழியின் வாய்க்குள் முகத்தை வைத்தபடி இருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாமி ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். நிமிராமலே மாமா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு எழுந்து, தனபாலைப் பார்த்துத் திரும்பினார்.

"தனபால், எனக்கு ஒண்ணும் தெரியலை. இதுக்குள்ள தண்ணி இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். ரெண்டு வருஷமா மூக்கு போயிடுத்து. நீங்க கேட்டப்பல்லாம் இவ சொன்னதைத்தான் நான் சொன்னேன். உங்காத்துக் கல்யாணத்துக்கு வேற யாரையாவது பாத்துக்கோங்கோ."

மல்லிகாதான் முதலில் கேட்டார். "அப்ப அந்த வெந்தயம்?"

"நான்தாம்மா" என்றார் மாமி. "மண்டபத்துலயும் அடுப்பங்கரை வாசல்ல உக்காந்து ஜாடை காட்டறது நான்தான்."

தனபாலின் முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை நாள் ஒரே பஸ்ஸுல வர்றோம். ஒரு வார்த்தை சொல்லலையே சாமி" என்றார். கோபத்தைவிட அவர் குரலில் வருத்தம்தான் அதிகம் இருந்தது. "ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று படியேறி வெளியே போய்விட்டார்.  மாற்றிச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

நீனோ என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.  அவர் மாமாவை மறுபடி உட்காரச் சொல்லிச் சைகை காட்டி, எதிர்ப்பக்கம் தானும் மண்டியிட்டு, தாழிக்குள் குனிந்து முகர்ந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார், நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். தேன் மெழுகு. அக்ரூட்டின் உள்தோல். காய்ந்த ஆரஞ்சுத் தோல். நம் ஊரில் இல்லாத ஒரு பழம். நனைந்த களிமண். மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார், கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அந்த நிலவறையில் ஒருவரும் செல்போனை எடுக்கவில்லை. அப்புறம்தான் கரண்டி உள்ளே போனது. தேன் நிறத்தில் வந்தது ஒயின். நான் ஒரு வாய் வைத்தேன், துப்ப மனம் வரவில்லை, ஆனாலும் துப்பினேன்.

கடைசி நாள் திபிலிசியின் பழைய ஊரில் மதியச் சாப்பாடு. மர பால்கனி வைத்த உணவகம், குழுவில் எல்லோரும் முதல் நாளிலிருந்து எதிர்பார்த்த இடம். தாமதமாகப் போனால் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அங்கே போக, வெந்நீர் ஊற்றுக் குளியல்கூடங்கள் இருக்கும் தெருவைக் கடக்க வேண்டும். செங்கல் குவிமாடங்களுக்கு அடியிலிருந்து கந்தக நீர் ஓடுகிறது. நாற்றமென்றால் நாற்றம், கூடை கூடையாக முட்டை அழுகினமாதிரி. கைக்குட்டை, முந்தானை, தொப்பி என்று கிடைத்ததை மூக்கில் வைத்துக்கொண்டு குழு விறுவிறுவென்று நடந்தது. தனபாலும் மாமாவும் தோட்டத்துக்குப் போன நாளிலிருந்து பேசிக்கொள்ளவே இல்லை. தனபால் முன்னால் போய்க்கொண்டிருந்தார், மாமாவும் மாமியும் கடைசியில்.

பாலத்துக்குப் பக்கத்தில் மாமா நின்றுவிட்டார். மயக்கமோ என்று நான் ஓடினேன்.

"கோமளா" என்றார். "என்னமோ நாறறது."

மாமி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார். "ஏன்னா, கந்தகம். இங்க வெந்நீர்ல..."

"நீ சொல்லாதே" என்றார் மாமா.  "நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு வந்துடுத்து."

மாமி அப்படியே பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமா ஆழமாக இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். முகத்தைச் சுளித்தார், சுளித்தபடியே சிரித்தார். மல்லிப்பூவும் கற்பூரமும் மாதக்கணக்கில் பூமிக்குள் கிடந்த திராட்சையும் எழுப்ப முடியாததை அந்தக் கந்தக நாற்றம் எழுப்பிவிட்டது. என் தொழிலில் நான் பார்த்த மலைகள், மாளிகைகள் எதன் முன்னாலும் நான் அப்படி நின்றதில்லை.

உணவகத்திலிருந்து போன் வந்தது. இப்போது வருகிறீர்களா, மேசையைக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார்கள். வரிசையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த பசித்த முகங்களைப் பார்த்தேன். கொடுத்துவிடுங்கள் என்றேன். உங்களில் யாராவது அந்த இடத்தில் வேறு பதில் சொல்வீர்களென்றால், வேறு வேலை பாருங்கள்.

முன்னால் போயிருந்த தனபால் திரும்பி வந்தார். என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார். சொன்னேன். மாமாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றாக மூச்சை இழுத்தார்.

"ஆமாங்க சாமி. நல்லா நாறுது" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. "தைக்கு இன்னும் நாள் கிடக்கு. மாமியையும் கூட்டிட்டு வந்துருங்க, வாசல்ல உக்கார வேணாம், உள்ளயே நிக்கட்டும்."

மல்லிகா முந்தானையை எடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். அந்த நாற்றத்தில், மூக்கை மூடாமல், நாங்கள் முப்பது பேரும் நின்றோம்.